பளிங்கின் பரிசலும் வேங்கைப் பிசினும்

காலை மணி பத்தே முக்காலுக்கு, கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் முதுகில் வேங்கைப் பிசின் நாலு சொட்டு விழுந்தது. அதைத் துடைக்காமல் ஆற்றில் இறக்கச் சொல்லி ஆண்டவனே நேரில் வந்திருந்தாலும், பளிங்கு அவரையும் கரையில் உட்காரவைத்திருப்பார்.

ஒகேனக்கலுக்குக் கீழே பரிசல் ஓட்டிய அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. மற்றவர்களின் தோல் பரிசல்கள் பழைய செருப்பு நிறத்தில் இருக்கும்; இவருடையதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். புங்கெண்ணெய், அடுப்புச் சாம்பல், தேங்காய் நார் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. அவசரப்பட்ட சப் இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் நாரை நீட்டி, "அந்தப் பக்கம் நீங்க தேயுங்க, வெரசா ஆயிடும்" என்றார். அவரும் தேய்த்தார். முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை ஒருவர் எண்ணெய்க் கையோடுதான் தாலி கட்டினார் என்பார்கள்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்க்கரையில் என் மகள் நின்றிருந்தாள். ஏழு மாதம், பிரசவத்துக்கு வருகிறாள். மேலே எங்கோ மழை. ஆறு நிறம் மாறிக்கொண்டிருந்தது. மற்றப் பரிசல்காரர்கள் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போயிருந்தார்கள்.

"தண்ணி ஏறுதப்பா, பளிங்கு!"

"ஏறட்டுங்க வாத்தியாரய்யா. பிசினோட போனா பரிசல் சுத்துமுங்க."

"பரிசல் எப்பவும் சுத்தத்தானே செய்யுது?"

"அது நாம சுத்தறதுங்க. இது பிசின் சுத்தறது."

"வேற மரத்தடியில வெச்சுத் தொலையேன்!"

"வேற நெழலு ஏதுங்க? வெயில்ல தோலு வெடிச்சுப்போவும். மரத்த ஏங்க வையறீங்க, பாவம்."

வேங்கைப் பிசின் லேசில் போகாது. ரத்தச் சிவப்பு வேறு. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்துத் தூக்கப் போனார். இன்னொரு சொட்டு விழுந்தது. சம்பந்தியைப் பார்ப்பதுபோல் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் மேல்துண்டை எடுத்து அவர்மேல் வீசினேன். அதையும் வாங்கித் துடைத்தார்.

புறப்பட்டபோது துறைக் கல் மூழ்கிவிட்டிருந்தது. ஆறு இழுத்த இழுப்பில் எதிர்க்கரையில் வெகு கீழே போய் ஒதுங்கினார். பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, எழுந்து நடக்கும் ஆமைபோல், மகள் நின்ற இடத்துக்கு ஏறிப் போனார். அவளை ஏற்றிக்கொண்டார். நடு ஆற்றில் பரிசல் சுழன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா!"

கரையேறிவிட்டாள். பளிங்கின் எண்ணெய்க் கையை இன்னும் விடவில்லை. அவரைத் திட்ட நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. பரிசலத் தலைமேல தூக்கிட்டு வர்றப்ப நான் மொதல்ல பாக்கறது அதோட அடியத்தானாம். வயித்துப் புள்ளக்காரி கண்ணுல ரத்தம் மாதிரி எதுவும் படக்கூடாதுன்னு தொடச்சாராம்."