கொழுத்த டொல்பின்

பாலாவியில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு தார்ப்பாய்ப் படங்கின் நிழலில், டொல்பினுக்கு நாடி பார்த்தார்கள். விடிந்ததும் வரிசை. கற்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர்கள்கூட என் கவுண்டருக்கு வரவில்லை. நேரே படங்குக்குக் கீழே குறி சொல்லும் கஜமுகனிடம் போனார்கள்.

எங்களுடையது கரையோரக் கைத்தொழில் அதிகாரசபை. அதன் இலச்சினை ஒரு டொல்பின். பெயர்ப்பலகையில் நீலம், விண்ணப்பப் படிவத்தில் கறுப்பு, கருநீல வாகனக் கதவில் வெள்ளை.

"நீலம் உயிர். கறுப்பு மவுத்து. வெள்ளை கபன் துணி!" இது கஜமுகனின் கண்டுபிடிப்பு. கறுப்பு டொல்பின் போட்ட படிவத்தைக் கொடுத்தால் கரையில் தொழில் செய்யும் பெர்மிட்டும் செத்துவிடுமாம். வலையில் கட்டும் ஈயக்குண்டை நூலில் தொங்கவிடுவார். கறுப்பின் மேல் அசையாது. அவரே அச்சடித்த நீலப் படிவத்தின் மேல் கிறுகிறுவென்று சுற்றும். செழிப்புக்காக அந்த டொல்பினை இரு பக்கமும் இழுத்துக் கொழுக்க வைத்திருந்தார். தட்சணை ஒரு கிலோ கட்டாக் கருவாடு. ஈக்களும் வரிசையில் நின்றன.

நான் சிரித்தேன். ஆனால் என் இடமாற்ற விண்ணப்பத்தை அச்சடிக்கும்போது நீல மை இருக்கிறதா என்று தேடினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி நாள் பகலில் அலீமா வந்தார். மூன்று மணிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அவர் கருவாடு காயவைக்கும் வாடிக்கு இந்தப் பருவம் கரையில் இடமில்லை. நீட்டியது கொழுத்த டொல்பின்.

"ராத்தா, இது எங்கட போம் இல்ல. எடுக்க ஏலாது."

"ஏன் மகள்? நல்லா உயிரோட ஈக்கிதே!"

சுவரிலிருந்த சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன். பலகைக்கு நிறம். போட்டோகொப்பி எடுக்கும் தாளுக்குக் கறுப்பு. கடும் நிறத்தின் மேல் வெள்ளை. எதையும் இழுத்து நீட்டக்கூடாது.

"அப்ப கறுப்பு மவுத்தில்லையா?"

"கொப்பியில தெளிவா விழுறதுக்கு ராத்தா. அவ்வளவுதான்."

"இத வெளிய வந்து சொல்ல ஒங்களுக்குக் கால் இல்லையா?"

கால் இருந்தது. சிரித்தாலே என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு என்வலப் தாங்க" என்றார். கொழுத்த டொல்பினை ஒன்றில் போட்டார். பையைத் துழாவி எடுத்த எதையோ மற்றதில் போட்டார். இரண்டையும் ஒட்டி எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். நானும் போனேன்.

"தம்பி, இதுல ஒண்டு உயிர், ஒண்டு மவுத்து. உயிர் எண்டா என்வலப்புக்குள்ளயும் மூச்சு விடும்தானே?"

கஜமுகன் உறைகளைத் தடவினார். "திறந்து தாங்களன் அக்கா."

"டொக்டர் சட்டைக்கு மேலதானே நாடி வைக்கிறார்? புடிங்க தம்பி!" என்றார் வரிசையில் நின்ற ஜெமீல் நானா.

வரிசையே வளைந்து வட்டமானது. முதல் உறையின் மேல் குண்டு செத்துக் கிடந்தது. இரண்டாவதின் மேல் பம்பரமானது.

"உயிர் துடிக்குது! பெர்மிட் நிச்சயம்!"

அலீமா கிழித்தார். செத்தது, கஜமுகனின் சொந்தக் கொழுத்த டொல்பின். உயிர் துடித்தது, தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ் சுற்றிக் கொடுத்த எண்ணெய்க் கடதாசி.

"ஓம், பெர்மிட் நிச்சயம்" என்றார் ஜெமீல் நானா. "ரோல்ஸுக்கு!"

காலையில் தட்சணையாகக் கொடுத்த தன் கருவாட்டுப் பொட்டலத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, இரண்டே முக்காலுக்குக் கறுப்பு டொல்பினோடு அலீமா என் கவுண்டருக்கு வந்தார். அவருக்குப் பின்னால் முழு வரிசையும். "முத்திரைய நல்லா அமத்திக் குத்துங்க மகள்" என்றார். குத்தினேன்.

ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் பயன்படுத்துங்கள் என்கிறது சுற்றறிக்கை. தலையை எங்கே பயன்படுத்துவது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அது சொல்லாமலே தெரியும் என்று எழுதியவர்கள் நம்பிவிட்டார்கள், பாவம்.