என் பாட்டின் இரண்டாம் வரியை மாற்றிய மாப்பிள்ளைக்கு

திருவனந்தபுரம்,
டிசம்பர் 2007, ஞாயிறு ஆராதனை முடிந்த மத்தியானம்.

கிறிஸ்துவுக்குள் அன்பான மாப்பிள்ளை திரவியம் அவர்களுக்கு, உம்முடைய மனைவி ரத்னாபாயின் மூத்த அண்ணன் தாசையன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் மனைவி செல்லபாயும் மகள் ஷிஜாவும் சுகம். அங்கே உங்கள் எல்லாருடைய சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனிமேல் வருவது சுகமாகச் சாய்ந்துகொண்டு வாசிக்கக்கூடிய விஷயம் அல்ல, நிமிர்ந்து உட்காரும்.

நான் இயற்றிய கிறிஸ்துமஸ் பாட்டை உம்முடைய பாறசாலை சபையின் பாடகர் குழு பல வருஷங்களாக வீடு வீடாகப் போய்ப் பாடிவருவது உலகம் அறிந்தது. என் பெயரைச் சொல்வதில்லை, போகட்டும். ஆனால் "பனிவிழுந்த ராத்திரியில் பாலகனாய்ப் பிறந்தவரே" என்ற முதல் வரிக்கு அடுத்து, நான் அகராதி பார்த்து, மூன்று பாதிரிமாரிடம் காட்டித் திருத்தி எழுதிய "பாபசஞ்சித பந்தனத்தைப் பரிகரிக்க வந்தவரே" என்ற இரண்டாம் வரியைத் தூக்கி எறிந்துவிட்டு, "பானைகாலி யானவீட்டின் படியேறி வந்தவரே" என்று எதையோ சொருகி வைத்திருக்கிறீர்கள். குழுத் தலைவர் நீர்தான். நீர் அறியாமல் அங்கே ஆர்மோனியத்தில் ஒரு கட்டைகூட அமுங்காது. சேர்ந்துபோன பாவக் கட்டை அவிழ்க்க வந்தவர் என்ற மீட்பின் தத்துவம் இருந்த இடத்தில் பானையா? இதனால்தான் நான் கிறிஸ்துமஸுக்கு உம்முடைய வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். முழங்கால் வலி என்று ரத்னாபாயிடம் சொன்னது மரியாதைக்காக.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. ஷிஜா போன வாரம், ஆரியசாலையில் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கில் கலைவிழா நடக்கிறது, அதில் காப்பிரைட்டைப் பற்றிப் பேச்சு உண்டு, அப்பா எப்போதும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், வாருங்கள் என்றாள். பாட்டுத் திருடர்களைப் பிடித்துக் கொடுக்க வக்கீல்மார் கூடுகிறார்கள் என்று நினைத்து நான், தண்ணீர் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற அன்று போட்ட கோட்டைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டு, 'உரிமை ஆசிரியருக்கே' என்று முத்திரை குத்திய என் பாட்டுப் புத்தகத்தையும் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அடுத்த தெருவில் சாமான் வாங்க வேண்டும் என்று செல்லபாயும் கூட வந்தாள். உள்ளே நாற்காலி இல்லை, பாய்தான். சுவரில் உடைந்த குடைகளைத் தொங்கவிட்டு அதைச் சிற்பம் என்கிறார்கள். தாடி வைத்த ஒரு பையன் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். சர்க்கரை போதாது, இன்னொரு டம்ளர் கொண்டுவா என்று விரட்டினேன். அவனும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேரே போய் மைக்கைப் பிடித்தான். அவன்தான் பேச வந்த வக்கீல், பெயர் அபின்.

அவன் பேசியதைக் கேட்டிருந்தால் உமக்கு ஆனந்தமாக இருந்திருக்கும். திறந்த உரிமம் என்று ஒன்று வந்திருக்கிறதாம். பாட்டெழுதியவனே முன்வந்து, இதை யாரும் எடுக்கலாம், பாடலாம், நகல் எடுக்கலாம், வேண்டுமானால் மாற்றவும் செய்யலாம், என் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டுகிறார்கள், மாப்பிள்ளை. நான் பூட்டு வாங்கப் போன இடத்தில் கதவைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லித்தருகிறார்கள். பொறுக்க முடியாமல் எழுந்து, ஒருவன் எழுதிய வரியை இன்னொருவன் மாற்றினால் எத்தனை வருஷம் ஜெயில் என்று கேட்டேன். அபின் மரியாதையாக, அதற்கு முன்னால் ஓர் உதாரணம் காட்டுகிறேன், உட்காருங்கள் என்றான்.

அந்த உதாரணம் என்ன தெரியுமா? ரெஷ்மா என்று ஒரு பெண், கிடாரோடு வந்து நின்றாள். கூடவே ஒருவன் டிரம்மோடு. எல்லைப் பக்கத்து வீடுகளில் பாடுகிற தமிழ் கேரல் பாட்டு, எழுதியவர் யாரென்று தெரியாது, அதனால் யாரிடம் அனுமதி கேட்பது என்றும் தெரியாது என்று அபின் மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கையைக் காட்டினான். அவள் தொடங்கினாள்: பனிவிழுந்த ராத்திரியில். அடுத்த வரி வந்தது. உம்முடைய பானை, மாப்பிள்ளை. கிடங்கு முழுக்க அந்தப் பானையைக் கூடச் சேர்ந்து பாடுகிறது.

நான் எழுந்து, "எழுதினவன் சாகல்ல. இங்கதான் நிக்கேன். இது எனக்க பாட்டு" என்றேன். இதையும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். முன்னால் அழைத்துப் பாடச் சொன்னார்கள். புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நான் எழுதியபடியே பாடினேன். முடித்ததும் அந்த ரெஷ்மா என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அங்கிள் ஒண்ணும் நினைக்கப்படாது கேட்டோ. ரெண்டாமத்த வரி அங்ஙன இல்ல. எங்க அம்மை பாடித்தந்தது வேற" என்றாள். என் பாட்டை நான் தப்பாகப் பாடுகிறேனாம். எனக்கே திருத்தம் சொல்லித்தருகிறாள்.

புத்தகத்தையும் முத்திரையையும் காட்டிய பிறகு அபின் நம்பினான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு, சபை முன்னால் என் பெயரைச் சொன்னான். பிறகு மைக்கிலேயே, "இனி தீருமானம் அங்கிளுக்கதாக்கும். பாடலாம்னா பாடுவோம். வேண்டாம்னா இப்பவே நிறுத்துவோம்" என்றான். வேண்டாம் என்றேன். உடனே அந்தப் பெண் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், ஷிஜா தரையைப் பார்க்கிறாள், செல்லபாய் வாசல் பக்கம் பார்க்கிறாள். என் பாட்டு என் கண் முன்னால் நின்றுபோனது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சரி, பாடுங்கள், ஆனால் என் பெயரைச் சொல்ல வேண்டும், ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்றேன். அதற்கும் அந்த உரிமத்தில் ஒரு வகை இருக்கிறதாம். அபின் சந்தோஷமாக எழுதிக்கொண்டான்.

உடனே அங்கேயே என் வரியை வைத்துப் பாடினார்கள். பாபசஞ்சித வந்ததும் டிரம் அடிக்கிறவன் தடுக்கினான். பந்தனத்தில் ரெஷ்மா மூச்சு வாங்கினாள். கூடப் பாடிக்கொண்டிருந்த ஜனங்கள் முதல் வரியோடு நின்று, அடுத்த முதல் வரிக்காகக் காத்திருந்தார்கள். பயிற்சி இல்லாததுதான் காரணம், வேறொன்றுமில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். வாசலில் நான் கழற்றி வைத்த செருப்பைச் சுற்றி நாலுபேர் நிற்கிறார்கள், ஒருவன் படம் எடுக்கிறான். உடைந்த குடைச் சிற்பத்தோடு அதுவும் சேர்ந்ததாம். என் செருப்பு என்று சொல்லி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சொந்தமானது என்று ஒருவரும் நம்பாத இரண்டாவது பொருள் அது.

ஆகையால் மாப்பிள்ளை, இந்த நாசத்துக்கு மூலகாரணம் நீர் என்பதால், இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் அந்தப் பானை வரியை நிறுத்தி, ஆராதனை முடிந்ததும் சபை நடுவே எழுந்து, வரியை மாற்றியது நான்தான் என்று அறிக்கையிட வேண்டும். இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். வக்கீல் யார் என்று கேட்க வேண்டாம், அபினைத் தவிர வேறு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரத்னாபாய்க்கு என் அன்பு. அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக. உம்முடைய குழுவை ஆசீர்வதிப்பதைப் பற்றி அவரே தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்தோடும் நியாயத்தோடும்,
ச. தாசையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது செல்லபாய் வாங்கி வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மாப்பிள்ளைய ஏன் ஏசுதீங்க? அது எனக்க வரியாக்கும்" என்றாள். ஸ்டிரைக்கில் எனக்குச் சம்பளம் நின்ற வருஷம் நடந்ததாம். "நீங்க கேரலுக்குப் போயிட்டீங்க. நான் அரிப்பானைக்குள்ள கைய விட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. அப்பதான் கூட்டத்தோட நம்ம வாசல்ல வந்து நிண்ணு பாபசஞ்சிதம்னு பாடினீங்க. உள்ள நிண்ண எனக்கு அதுல ஒரு வார்த்தையும் ஒட்டல்ல. ஒட்டினதை நான் பாடினேன்." மறுநாள் கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்து உங்கள் வீட்டு ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது முணுமுணுத்தாளாம், ரத்னாபாய் கேட்டுப் பிடித்துக்கொண்டாளாம், அவளிடமிருந்துதான் உம்முடைய குழுவுக்கு வந்ததாம். இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் யார் மாற்றியது என்று கேட்கவே இல்லையே, மாப்பிள்ளைதான் என்று சொல்லிக்கொண்டுதானே இருந்தீர்கள் என்கிறாள். நான் கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் நின்றுவிட்டு வந்தேன். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். திரும்ப எழுதக் கை வலிக்கிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். மாற்றலாம் என்று உரிமத்தைத் திருத்தச் சொல்லி ஷிஜாவை அபினிடம் அனுப்பியாயிற்று. பாட்டு: தாசையன், செல்லபாய் என்று போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். ஆனால் உரிமம் திறந்துவிட்டது என்று தெரிந்ததும், முதல் வரியிலும் தனக்கு ஒரு திருத்தம் உண்டு, இந்த ஊரில் எங்கே பனி விழுகிறது என்று செல்லபாய் தொடங்கியிருக்கிறாள். அதை மட்டும் நீரும் நானும் ஒன்றாக நின்று எதிர்க்க வேண்டும், மாப்பிள்ளை. உம்மைத்தான் நம்பியிருக்கிறேன்.