ஏற்றிவிட்ட ஏணிகள்

வாசகரே, இன்றைக்கு உங்களுக்கு ஏணிக்காரரை அறிமுகப்படுத்துகிறேன். ஏணி செய்பவர் அல்ல, விற்பவரும் அல்ல. தாமே ஏணி என்று நம்புகிறவர். மூன்று நான்கு நாடுகளில் வாடகை அறை எடுத்துத் திரிந்துவிட்டு வந்திருக்கிறேன். தண்ணீர் வராத ஊரைப் பார்த்தேன், பேருந்து வராத ஊரைப் பார்த்தேன். ஏணிக்காரர் இல்லாத ஊரை மட்டும் பார்க்கவில்லை.

எப்படி அடையாளம் காண்பது? உயரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் வசதி. ஆண் பதவிக்கு வந்தால் ‘வந்தார்’ என்போம். பெண் வந்தால் ‘கொண்டுவந்தது யார்?’ என்போம். கேட்டு முடிப்பதற்குள் நாலு பேர் தொண்டையைக் கனைப்பார்கள். அவர்கள்தான்.

எங்கள் தெருவில் உயரத்துக்குப் போனவர் தையலக்கா. தெருமுனைக் கடையில் ஒரு தையல் இயந்திரம், ஒரு கத்தரிக்கோல், ஊரார் இடுப்பளவெல்லாம் எழுதிய ஒரு தடித்த நோட்டு ஆகியவற்றோடு உட்கார்ந்திருந்தவர். மழைக்கு மழை சாக்கடை கடைக்குள் வந்தது. நகர்மன்றத்தில் பதினோரு மனு கொடுத்தார். பன்னிரண்டாவது தடவை, “மனு குடுக்குற பக்கம் நின்னு நின்னு காலு வலிக்குது. வாங்குற பக்கம் உக்காந்து பாத்துடறேன்” என்று வார்டு தேர்தலில் நின்றார். ஜெயித்தார். பிறகு நகர்மன்றத் தலைவர். பிறகு ஒரு கட்சி கூப்பிட்டு சீட்டுக் கொடுக்க, மாநிலச் சட்டமன்றம். எல்லாம் பதினான்கு வருஷத்துக்குள்.

இது என் கணக்கு. ஏணிக்காரர்களின் வரலாறு வேறு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் கேளுங்கள். “அதுக்கு மைக்கை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது. நான்தான் பேசக் கத்துக்குடுத்தேன்.” அக்காவை அவர் ‘அது’ என்றுதான் சொல்வார், பாசமாம். மருந்துக்கடைக்காரர், “அரசியலுக்கு வாங்கம்மான்னு முதல்ல சொன்னதே இந்தக் கவுண்டர்லதான். இதோ, இந்த இடம்” என்று கண்ணாடிப் பலகையைத் தொட்டுக் காட்டுவார். அக்காவின் கொழுந்தனார் இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவர். “அண்ணிய வெளிய போகவேண்டாம்னு எங்க வீட்ல யாராச்சும் சொன்னோமா? சொல்லலியே! அது எவ்ளோ பெரிய விஷயம்!”

தடுக்காமல் இருந்ததற்கும் ஒரு படி. அதுவும் ஏணிதானே?

எதையும் உரிமை கொண்டாடாத ஒரே ஆள், பேருந்து ஓட்டுநரான அக்காவின் கணவர். அதனால் அவரை யாரும் பேட்டி எடுத்ததில்லை.

ஏணிக்காரருக்குச் சில சடங்குகள் உண்டு. விழா மேடையில் அவர் உட்கார மாட்டார். அக்காவின் நாற்காலிக்கு அரையடி பின்னால் நின்று, நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொள்வார். புகைப்படத்தில் பார்த்தால், அந்தக் கையை எடுத்துவிட்டால் நாற்காலி, அக்கா, நகர்மன்றம், அதன் பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒன்றாகச் சரிந்துவிடும் போலிருக்கும். சரியாது. ‘நேத்துகூட என்னைக் கேட்டுட்டுதான் செஞ்சுது’ என்பார். நேற்று அக்கா அவரிடம் சொன்னது, “மீட்டிங்ல இருக்கேங்க, அப்புறம் பேசறேன்.”

சரி, நிஜத்தில் என்ன நடந்தது? முதல் தேர்தலில் கட்சி இல்லாமல் நிற்பவருக்கு வேட்புமனுவில் பத்து வாக்காளர் கையெழுத்து வேண்டும். கடைசி நாள், மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மருந்துக்கடையில் கூட்டம். கொழுந்தனாருக்கு வாக்காளர் எண் ஞாபகமில்லை. ஒன்பது பேரோடு நின்ற காகிதத்தில் பத்தாவதாகக் கையெழுத்துப் போட்டது ஒரு நர்ஸம்மா. அக்காவோடு ஒரு வருஷமாகப் பேசாதவர். தைக்கக் கொடுத்த சட்டையின் கையை அக்கா குட்டையாக வெட்டிவிட்ட கோபம்.

“வெட்டினது தப்புதான்” என்றாராம் நர்ஸம்மா. “ஆனா துணி சுருங்கிடுச்சு, நீங்க குண்டாயிட்டீங்கன்னு சாக்குச் சொல்லல. என் தப்புன்னு சொன்னா. தப்பை ஒத்துக்கறவ ஒருத்தியாச்சும் உள்ள போகட்டும்.”

இது எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை. நர்ஸம்மா கனைப்பதில்லை.

இப்போது இந்த வருஷத்துக்கு வருவோம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடிவிடலாம் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. மூடினால் வலி எடுத்தவள் அடுத்த ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். கட்சி எல்லாரையும் கை தூக்கச் சொன்னது. எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு கை மேசையிலேயே இருந்தது. தீர்மானம் நிறைவேறிற்று, பூட்டுப் போடுவது மட்டும் தேர்தலுக்குப் பிறகு. கட்சி அக்காவின் சீட்டை வேறொருவருக்குக் கொடுத்தது. அந்தப் பூட்டைத் தடுக்க அக்கா தனியாக நிற்க முடிவு செய்தார். மறுபடி பத்துக் கையெழுத்து. மறுபடி மூன்று மணி.

ஏணிகள் என்ன செய்தன? ஏணிக்கு இன்னொரு குணம் உண்டு, வாசகரே. காற்றடித்தால் முதலில் படுத்துக்கொள்ளும். பழைய சாக்குகள்தான், கொஞ்சம் பதவி உயர்வோடு. தலைமையாசிரியருக்குக் கண்ணில் ஆபரேஷன். மருந்துக்கடைக்காரருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம். கொழுந்தனார் வெளிப்படையானவர்: “அண்ணி, நம்ம குடும்பத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆள் வேணும்ல?” மனு கொடுக்கிற கடைசி நாள் மதியத்துக்குள் டீக்கடையில் தலைமையாசிரியரின் தீர்ப்பும் வந்துவிட்டது. “ஏறினதும் ஏணிய எட்டி ஒதைச்சிருச்சு. நான் அப்பவே சொன்னேன்.”

நான் தையல் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தேன், இந்தக் கட்டுரைக்காகத்தான். நர்ஸம்மா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டே முக்காலுக்கு ஒன்பது பேர். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீ போடேன்.”

“நானா? நான் இப்பதானக்கா ஊருக்கு வந்திருக்கேன். பட்டியல்ல பேரு இருக்கோ என்னமோ. நம்பர் வேற ஞாபகமில்ல...”

சொல்லி முடிக்கும்போதே அது யாருடைய வசனம் என்று தெரிந்துவிட்டது. நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார்.

அக்கா இடுப்பளவு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே தோள், கை, இடுப்பு. அதற்கும் கீழே பென்சிலில் வாக்காளர் எண். தெரு முழுவதும், பதினான்கு வருஷமாக.

“இருநூத்தி முப்பத்தேழு. போன மாசம்தான் பட்டியல்ல பாத்தேன், பேரு இருக்கு” என்றார். “இடுப்பளவுதான் பழசு. அத மாத்தணும்.”

போட்டேன். அக்காவின் கணவர் மனுவை வாங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தார். மூன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அதிகாரி முத்திரை குத்தினாராம்.

தேர்தல் அடுத்த வாரம். அக்கா ஜெயிப்பாரா, பூட்டு விழுமா, தெரியாது. ஆனால் நேற்றுப் பேருந்து நிறுத்தத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கையில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண், சுவரொட்டியைப் பார்த்து, “இந்தம்மா எப்படிங்க தனியா நிக்கிறாங்க?” என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன்.

“அன்னிக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடலேன்னா...”

சிரிக்காதீர்கள், வாசகரே. உங்களுக்குத் தெரிந்தவர்களிலும் யாரோ ஒருத்தி எங்கோ மேலே ஏறியிருப்பாள். அவள் பெயரை யாராவது எடுத்தால் உங்கள் கை எந்த நாற்காலியின் முதுகைத் தேடுகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அதென்ன, இப்போது கனைத்தது நீங்களா?