மாமனாரின் டேப்லெட்டை நான் மீட்ட கதை

ஒரு பொருள் சுமாராக வேலை செய்துகொண்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடும் பக்குவம் எனக்குக் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி எஸ்தர் சொல்லிவிடுவாள், அதனால் முந்திக்கொள்கிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். குன்னூரில் வாடகை வீடு. எஸ்தரின் அப்பா அம்மா பக்கத்தில் அருவங்காட்டில் இருந்தார்கள். மாமா அங்கே ஃபேக்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், சர்ச் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர். கல்யாணமான கையோடு என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். நான் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா. லீவு விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் இழுத்தெடுப்பதும் என் வேலை. பெண் பார்க்கப் போன அன்று, "கம்ப்யூட்டர்ல இருக்கேனுங்க" என்று சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். (பொய் இல்லைங்க, சுருக்கம்.) அந்தச் சுருக்கம் சொந்தக்காரர்கள் வாயில் விரிந்து விரிந்து, நிச்சயதார்த்தத்துக்குள் நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டேன். நானும் யாரையும் திருத்தவில்லை.

மாமாவிடம் ஒரு டேப்லெட் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த மலிவு ரகம். குழுவில் யாருக்கும் இசைக் குறியீடு படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமாவே எல்லாப் பாட்டையும் நான்கு குரலிலும் தனித்தனியாகப் பாடி அதில் பதிவு செய்வார். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பெண்களின் உச்சக் குரலையும் அவரே பாடுவார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, "குக்கர எறக்குங்க, விசில் வந்துட்டே இருக்குது" என்று கத்தியதாக எஸ்தர் சத்தியம் செய்கிறாள். அந்த வருடம் ஒன்பது பாட்டு, முப்பத்தாறு பதிவு. பாடி முடித்த கையோடு மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில்தான், ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா கரகரத்த குரலில் குறைபட்டுக்கொண்டார்.

"இந்த டேப்லெட்டு ரொம்ப மெதுவாப் போகுதுங்க மாப்ள. பாட்ட அமுக்கிட்டு, ஜெபம் பண்ணி ஆமென் சொன்னாத்தான் சத்தம் வருது."

அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெறுமனே சொன்னார். ஆனால் இன்ஜினியர் எப்படிச் சும்மா இருப்பார்?

"கொடுங்க மாமா, ரெண்டே நாள்ல புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்."

மேஜைக்கு அடியில் எஸ்தர் என் காலை மிதித்தாள். இடப்பற்றாக்குறை என்று நினைத்துக் காலை நகர்த்திக்கொண்டேன்.

நான் என்ன செய்வதாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டில் ரெகவரி என்று ஒன்று உண்டு. வீட்டுக்குப் பின்வாசல் மாதிரி. முன்வாசல் திறக்காமல் அடம்பிடித்தால் அந்த வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம். கம்பெனி வைத்த பின்வாசலைப் பெயர்த்துவிட்டு, ஆர்வக்காரர்கள் எழுதிய வேறொரு பின்வாசலை மாட்டினால், பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு இலேசான புதியதை உள்ளே கொண்டுவந்துவிடலாம். இணையத்தில் பலர் இதைச் செய்து, முடிவில் 'மிக எளிது' என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் யாரும் மாமனாரின் டேப்லெட்டில் செய்ததாக எழுதவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டேன். லேப்டாப்போடு டேப்லெட்டை இணைத்தேன். 'டிங்' என்று சத்தம் வந்தது. அப்புறம் ஒரு மஞ்சள் முக்கோணம். 'அறியப்படாத சாதனம்' என்றது லேப்டாப். இரண்டுக்கும் நடுவே நின்று பேச்சை மொழிபெயர்க்கும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். சரி, டிரைவர் இல்லை போலிருக்கிறது என்று ஒன்றை இறக்கினேன். மஞ்சள் முக்கோணம். இன்னொன்றை இறக்கினேன். 'கையொப்பமில்லாத டிரைவர், அனுமதிக்க முடியாது' என்றது. அந்தக் காவலை நிறுத்துவதற்கு லேப்டாப்பை அணைத்துப் போட வேண்டும். என் லேப்டாப் அணைந்து எழுந்திருக்கும் நேரத்தில் குன்னூரிலிருந்து பக்கத்து ஊரான வெலிங்டனுக்கு நடந்தே போய்விடலாம். இப்படி நான்கு டிரைவர், ஆறு முறை அணைப்பு. வெளியே மழை. எஸ்தர் இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது முறை குனிந்து பார்த்து, "ஏனுங்க, இது என்னோட ஹெட்போனுக்குச் சார்ஜ் போடற ஒயருங்களே? இதுல சார்ஜ் மட்டுந்தான் போகும்" என்றாள்.

வேறு ஒயரைச் செருகினேன். உடனே டேப்லெட்டின் பெயர் லேப்டாப்பில் வந்தது. மூன்று மணி நேரமாக வாயைக் கட்டிப்போட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றேன். (இல்லை.)

அடுத்தது பூட்லோடர். (பெயரிலேயே பூட்டு இருக்கிறது, பாருங்கள்.) அதைத் திறந்தால்தான் மேற்கொண்டு எதையும் மாற்ற முடியும். கட்டளையை அடித்தேன். டேப்லெட்டின் திரை கறுத்து, அதில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வந்தது. உள்ளே இருக்கும் எல்லாமே அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டது. எஸ்தர் தோளுக்குப் பின்னாலிருந்து, "என்னமோ நெறைய எழுதியிருக்குதே?" என்றாள்.

"சும்மா பயமுறுத்துவாங்க. பாட்டெல்லாம் மெமரி கார்டுல இருக்கும்" என்று சொல்லிச் சம்மதத்துக்கான பொத்தானை அழுத்தினேன். அவள் சந்தைக்குக் கிளம்பிப் போனாள்.

பூட்டு திறந்தது. புதிய ரெகவரியையும் ஏற்றினேன். திறந்தும் பார்த்தேன். அழகாக வந்தது. ஆனால் ஏதோ கோளாறு. மேலே தொட்டால் கீழே அழுந்தியது. வலப்பக்கம் தேய்த்தால் இடப்பக்கம் போனது. 'திரும்பிப் போ' என்பதைத் தொடப் பார்த்து, தலைகீழாகக் கணக்குப் போட்டு, கடைசியில் டேப்லெட்டையே தலைகீழாகப் பிடித்து நானும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு தேய் தேய்த்தேன். 'சிஸ்டம் அழிக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஒரு நற்செய்தி வந்தது.

பிறகுதான் டேப்லெட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து. நான் இறக்கியது வேறோர் எழுத்துக்காரருடையது.

அணைத்துப் போட்டேன். கம்பெனியின் சின்னம் வந்தது. மறைந்தது. வந்தது. மறைந்தது. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. போகட்டும், பாட்டுகள் இருக்கின்றனவே என்று மெமரி கார்டை உருவி என் கைபேசியில் போட்டுப் பார்த்தேன். மாமாவின் பிரிவு உபசார விழாப் படங்கள் பதினான்கு இருந்தன. பதினான்கிலும் மாமா மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்றுகூட இல்லை. முப்பத்தாறும் டேப்லெட்டின் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. நான்தான் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் அழைப்பு.

"ஏனுங்க மாப்ள, முடிஞ்சுதுங்களா? அவசரமில்லீங்க." குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

"அப்டேட் ஆயிட்டிருக்குதுங்க மாமா. தொண்ணூறு சதவீதம்."

சந்தையிலிருந்து வந்த எஸ்தரும் அதையே கேட்டாள். அவளுக்கும் தொண்ணூறு சதவீதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமா பக்கத்தில் வந்தார். "இப்ப எவ்வளவுங்க?"

"எண்பத்தஞ்சுங்க மாமா."

"நேத்து தொண்ணூறுன்னீங்களே?"

"சில சமயம் கொஞ்சம் பின்னாடி வருமுங்க."

"ஓ, நம்ம மலை ரயிலு மாதிரி" என்று அவர் தலையாட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் என்னை நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் டேப்லெட் இல்லாமலே பயிற்சி நடந்தது. எல்லோரும் பிசகாமல் பாடினார்கள். நான் மட்டும் மூன்று இடத்தில் தப்பினேன். கேட்டுப் பழகப் பதிவே இல்லாதபோது இவர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று ஓர் இன்ஜினியருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மறுபடியும் லீவு. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கைபேசி பழுது பார்க்கும் போஜன் அண்ணனிடம் ஓடினேன். அவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு டேப்லெட்டை வாங்கி, லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார்.

"யாருங்க இதத் தொட்டது?"

"பக்கத்து ஊட்டுக்காரருங்க."

"அவரப் பாத்தா சொல்லுங்க, மாடல் நம்பர்ல கடைசி எழுத்தும் நம்பர்லதான் சேர்த்தின்னு."

"சொல்றேனுங்க" என்றேன், பக்கத்து வீட்டுக்காரர் சார்பில் தலைகுனிந்து.

கம்பெனியின் பழைய மென்பொருளையே தேடிப் பிடித்து ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் சின்னம் வந்தது, மறைந்தது, அதற்கப்புறம் முகப்பும் வந்தது. எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"உசுரு வந்துருச்சுங்க. ஞாபகந்தான் ஒண்ணும் இல்ல" என்றார்.

"அந்த ஞாபகம் இனி..."

"வராதுங்க. சம்மதம் கேட்டுத்தான் அழிச்சிருக்குது."

அன்று சாயங்காலம் எஸ்தரோடு அருவங்காட்டுக்குப் பஸ் ஏறினேன். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "ஏனுங்க, இந்தக் குளிர்ல உங்களுக்கு மட்டும் எப்படி வேர்க்குது?" என்றாள். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பின் சீட்டுக்காரர் திட்டினார். திட்டு வாங்குவதற்கு ஓர் ஒத்திகை என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை அச்சு முறுக்குத் தட்டோடு வரும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. நின்றபடியே ஆரம்பித்தேன். டிரைவர், பூட்லோடர், கடைசி எழுத்து, தொண்ணூறு சதவீதம், எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ரெகவரின்னா என்னங்க மாப்ள? தமிழ்ல?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "மீட்புங்க மாமா."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரி. யார மீட்டீங்க?"

"முப்பத்தாறு பதிவும் போயிருச்சுங்க மாமா. உங்களால இப்பத் திரும்பப் பாடவும் முடியாது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ரெண்டு வாரங்கூட இல்ல. என்ன மன்னிச்சிருங்க" என்று உண்மையாகவே கெஞ்சினேன். பாட்டுக்காக மட்டும் அல்ல. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பெண்ணைக் கொடுத்தவர்கள். டேப்லெட்டுக்கே இந்தக் கதி என்றால் அவர்கள் வேறு என்னவெல்லாம் நினைப்பார்கள்?

மாமா எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் அத்தையைப் பார்த்தாள். அத்தை தட்டை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கிய விதம் அப்படி இல்லை.

"ஏனுங்க மாப்ள," என்றார் மாமா, "நீங்க நம்ம குழுவோட வாட்ஸ்அப்பப் பாக்கறதே இல்லீங்களா?"

பார்ப்பதில்லை. தினமும் காலையில் நாற்பது ரோஜாப்பூ வருகிறது என்று, சேர்ந்த மறுநாளே அதன் வாயை அடைத்து வைத்திருந்தேன். கைபேசியை எடுத்துத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, இரவு எட்டேமுக்கால். மாமாவிடமிருந்து வரிசையாக முப்பத்தாறு பதிவுகள். அதற்கடியில் இருபது பேர் கைகூப்பியிருந்தார்கள். மூன்று நாளாக மொத்தப் பாட்டும் என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

"நீங்க கை கழுவப் போனப்ப எஸ்தர்தானுங்க சொன்னா," என்றார் மாமா. "'அவருகிட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குழுவுக்கு அனுப்பிருங்கப்பா'ன்னு."

நான் எஸ்தர் பக்கம் திரும்பினேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா? தொண்ணூறு சதவீதம்னுதான சொன்னீங்க?"

எனக்கு அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இரண்டே மாதத்தில் என்னை அளந்து வைத்திருக்கிறாள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வந்தது பெருமூச்சுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே நான்கு அச்சு முறுக்கு தின்றேன். சனிக்கிழமைக்குப் பிறகு வாய்க்கு ருசி தெரிந்தது அப்போதுதான்.

அதற்குள் மாமா டேப்லெட்டை எடுத்து நோண்டிக்கொண்டிருந்தார். "அட, தொட்டதும் தெறக்குதே! நல்லா வேகமாத்தான் பண்ணியிருக்கீங்க மாப்ள." உள்ளே ஒன்றுமே இல்லாததால்தான் அந்த வேகம் என்று விளக்க வாயைத் திறந்தேன். எஸ்தர் மறுபடியும் காலை மிதித்தாள். இந்த முறை புரிந்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் நல்லபடியாக நடந்தது. மாமாவின் தொண்டையும் சரியாகிவிட்டது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஆனால் இன்றுவரை அந்த வீட்டில் எதையாவது தொலைத்துவிட்டு நான் தேடினால், மைத்துனி முதற்கொண்டு எல்லோரும், "யார மீட்டீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

போன மாதம் அங்கே போயிருந்தபோது அத்தை சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றித் தரச் சொன்னார். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். "ஒரு நிமிசம் இருங்க மாப்ள" என்று மாமா அவசரமாக எழுந்து வந்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கைபேசியை எடுத்து, கடிகாரத்தை நேராக ஒன்று, சற்றே பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, "இப்பக் கழட்டுங்க" என்றார்.