போர்கில்ட் ஓடை

"உயிரோட இருக்கிறவங்க பேரை வரைபடத்துல போட மாட்டோம்" என்றார் சர்வேயர் விட்கோம், பென்சிலைக் காதில் செருகியபடி.

பண்ணைக்காரர் ஐனார் டோலெஃப்சன் விடுவதாக இல்லை. வடக்கு டகோட்டாவின் இந்தப் புல்வெளிக்கு முதல் முறையாக அரசாங்க வரைபடம் தயாராகிறது. மேடு பள்ளம், குன்று, ஓடை எதுவும் விடுபடாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் மனைவிக்கு அவர் உருப்படியாக எதுவும் செய்ததில்லை. மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் பெயரில்லாமல் ஓடும் ஓடைக்காவது அவள் பெயரை வைத்துவிட ஆசைப்பட்டார்.

"அவ போய்ச் சேர்ந்து வருஷமாச்சுங்க." வாய் முந்திவிட்டது.

விட்கோம் தொப்பியைக் கழற்றி வருத்தம் சொல்லிவிட்டு, 'போர்கில்ட் ஓடை' என்று எழுதிக்கொண்டார்.

அதோடு அவர் கிளம்பியிருந்தால் தேவலை. மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர்க் களிமண் நனைந்தால் பிசின்தான். ஜீப் அச்சு வரை இறங்கிவிட்டது. டிரைவர் கஸ் சேற்றோடு மல்லுக்கட்ட, சர்வேயரை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கதவைத் திறந்தவள் போர்கில்ட்.

"நம்ம சமையல்காரம்மா" என்றார் ஐனார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் சிரித்த முகத்தோடு சாப்பாடு எடுத்து வைத்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

விட்கோம் இறைச்சி உருண்டைகளை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறீங்கம்மா?"

"இருபத்தஞ்சு."

"சம்பளம்?"

"இன்னும் பேசலைங்க."

விட்கோமுக்குப் பொறுக்கவில்லை. "எங்க முகாமுக்குச் சமைக்க வந்துடுங்க. மாசச் சம்பளம். ஞாயித்துக்கிழமை லீவு."

"லீவு வேறயா?" போர்கில்ட் ஏப்ரனைக் கழற்றினாள். "பெட்டியக் கட்டிட்டு வந்துடறேன்."

ஐனார் நாற்காலி கவிழ எழுந்தார். ஓடை போனால் போகிறது. இவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் யாரோடு சண்டை போடுவார்?

"இவ என் பொண்டாட்டிங்க. சாகவே இல்லை. ஓடைக்கு அவ பேரை வைக்கணும்னு நாந்தான் பொய் சொல்லிட்டேன்."

"புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா?" என்று முனகியபடி விட்கோம் ரப்பரை எடுத்து ஓடையின் பெயரை அழித்தார்.

போர்கில்டின் கண் கலங்கிவிட்டது. "என் பேரையா வைக்கச் சொன்னீங்க?"

அப்போது கஸ் சேறு சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு விட்கோமிடம் சொன்னான்:

"சார், புருஷன் செத்துட்டாரு, மேற்கால இருக்கிற குன்றுக்கு 'ஐனார் குன்று'ன்னு பேர் வைங்கன்னு போன வாரம் கடை வாசல்ல என்கிட்ட அழுதாங்களே ஒரு அம்மா, அது இவங்கதான்."