முப்பத்துநாலு அங்குல மீன்

தொலைபேசி அடித்தபோது மெர்வின் ஏழாவது மீன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்து ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டு, ஒரு பச்சைத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மெர்வின், அப்பாவோட மீன் ஃப்ரீசர்ல இல்லையாம்," என்றாள் மனைவி ரூனா. "காலையில நீ மூஸ் மான்கறி எடுக்கப் போனியே, பாத்தியா?"

"எந்த மீன்?"

"எந்த மீனா! ஜனவரியில பிடிச்சாரே, முப்பத்துநாலு அங்குலம். பாடம் பண்ணிச் சுவத்துல மாட்டணும்னு பத்திரமா வச்சிருந்தாரே. ஒரு பச்சைத் துண்டுல சுத்தியிருக்கும்."

மெர்வின் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். பச்சையாக இருந்தது. கண்ணை மூடித் திறந்து இன்னொரு தடவை பார்த்தான். அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

அன்று ஊர் மன்றத்தில் கர்லிங் போட்டி. பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடுகிற ஆட்டத்துக்கு எட்டு ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மூஸ் மான்கறி பர்கர் போடும் பொறுப்பை மெர்வின் வலியப் போய்க் கேட்டு வாங்கியிருந்தான். சும்மா இல்லை. மாமனார் பால்டருக்கு ஏரிக்கரையில் ஒரு மனை காலியாகக் கிடந்தது. மூன்று வருடமாக மாமனார் வீட்டு நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தும் மெர்வினும் ரூனாவும் அதில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். அவன் கேட்கும்போதெல்லாம் பால்டர் ஏரியைப் பார்த்தபடி "பார்ப்போம்" என்பார். மூன்று வருடமாக அவரும் ஏரியும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போன வாரம்தான் முதல்முறையாக, "போட்டி முடியட்டும். ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றிருந்தார்.

இன்று சனிக்கிழமை.

காலையில் மாமனாரின் கார் நிறுத்தும் கொட்டகையில் ஃப்ரீசரைத் திறந்தபோது, கறிப் பொட்டலங்களின் மேலேயே அந்த மீன் படுத்திருந்தது. பர்கரோடு நாலு பேருக்கு மீனும் கொடுத்தால் நல்ல பெயர் வருமே என்று மெர்வின் அதையும் தூக்கி வந்துவிட்டான். வின்னிபெக் நகரத்தில், மீன் என்றாலே பெட்டிக்குள் சதுரமாக அடுக்கியிருப்பது என்று நம்பி வளர்ந்தவன். ஆனாலும் தண்ணீரில் போட்டு உறைவு நீக்கி, செதில் போக்கி, முள் எடுத்து, பிஸ்கட் தூளில் புரட்டிப் பன்றிக்கொழுப்பில் வறுத்து, ரொட்டிக்கு நடுவே வெங்காயத்தோடு வைத்தபோது அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. மீனின் இரண்டு கன்னச் சதையையும் அவனே தின்றிருந்தான்.

"இருக்கியா?" என்றாள் ரூனா.

"இருக்கேன். மீன்... அது... முண்டிகிட்ட குடுத்திருக்கேன். பாடம் பண்ண. மாமாவுக்குத் திடீர்னு ஒரு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு..."

எதிர்முனையில் மூக்குறிஞ்சும் ஒலி கேட்டது.

"அப்பாவுக்கு நல்லது பண்ணணும்னு உனக்குத் தோணிச்சே மெர்வின்! இப்பவே அவர்கிட்ட சொல்றேன்."

"வேண்டாம் ரூனா, அவருக்குத் தானா தெரியட்டும்..."

அவள் வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் பால்டர் சமையற்கட்டு வாசலில் நின்றார். ஆறடி நாலங்குலம். கதவு அவருக்காகக் குனியவேண்டும்போல் இருக்கும்.

"முண்டிகிட்டயா குடுத்த?"

"ஆமா மாமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பால்டரின் முகம் வெளுத்தது. அவர் அடுப்பைப் பார்த்தார், வாணலியைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, ஒருவேளை கைதவறி சமைச்சிருந்தா சொல்லிடு. மனுஷன்னா தப்பு நடக்கும். நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

பால்டர் கடைசியாக 'கோவிச்சுக்க மாட்டேன்' என்று சொன்னது, மெர்வின் அவருடைய படகைத் துறையில் மோதிய அன்று. அப்புறம் நாலு மாதம் பேசவில்லை.

"சேச்சே! உங்க மீனைப் போய்ச் சமைப்பேனா? பத்திரமா இருக்கு மாமா."

"பத்திரமா இருக்கு," என்று பால்டர் திருப்பிச் சொன்னார். உறவினர் இறந்த சேதியைச் சொல்வதுபோல இருந்தது. "பக்கத்து ஊர் ஸ்னோரி வந்திருக்கான். நான் முப்பத்துநாலு அங்குலம் பிடிச்சதை நம்ப மாட்டேங்குறான். பையில அளவு நாடாவோட அலையுறான்."

"அளக்கட்டுமே மாமா! நமக்கென்ன பயம்?"

பால்டர் அவனை வெகுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தோள் தொங்கப் போய்விட்டார். இப்படி அடக்கிவைத்த கோபத்தை மெர்வின் யாரிடமும் கண்டதில்லை.

பாடம் பண்ணும் முண்டி பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பர்கர் தின்றுகொண்டிருந்தார். மெர்வின் அவரை அங்கி மாட்டும் இடத்துக்கு இழுத்துப்போய், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

"எத்தனை சாண்ட்விச் வந்துச்சு?" என்றார் முண்டி.

"ஏழு."

"முப்பத்துநாலு அங்குல மீன்ல ஏழா? துண்டு துண்டா வெட்டினியா, செங்கல் செங்கலா வெட்டினியா?"

"கொஞ்சம் தாராளமா வச்சுட்டேன். அண்ணே, மீன் உங்ககிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

முண்டி நல்ல மனிதர். பால்டர் வந்து கேட்டதும், "ஆமாப்பா, என் பட்டறையிலதான் இருக்கு" என்றார். பால்டர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே நின்றிருந்த ஸ்னோரி உள்ளங்கைகளைத் தேய்த்தார். குட்டையான, ரொம்பச் சுத்தமான மனிதர்.

"பட்டறை தெருக்கோடியிலதானே இருக்கு? மூணு மணிக்கு ஆட்டம் முடியுது. கொண்டுவாங்க, ஊர் முன்னால அளந்துடுவோம்."

மெர்வினும் முண்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வேற மீன் கொண்டுவா," என்று முண்டி முணுமுணுத்தார். "அதே பிக்கரல் மீன்தான் வேணும், வேற சாதி ஆகாது."

"நீளம் கொஞ்சம் கம்மியா இருந்தா இழுத்து நீட்ட முடியுமாண்ணே?"

"மீன் என்ன காலுறையா?"

இதற்கிடையில் சமையற்கட்டு ஜன்னலில் வரிசை நின்றது. மூஸ் கறியில் கொழுப்பே கிடையாது; பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைந்தால்தான் வடை மாதிரி ஒட்டும். பதற்றத்தில் மெர்வின் கொழுப்பை மறந்தான். கல்லில் போட்ட பர்கரெல்லாம் திருப்பும்போதே உதிர்ந்தது. அதை அப்படியே அள்ளி ரொட்டிக்குள் கொட்டிக் கொடுத்தான். எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"வித்தியாசமா இருக்கு," என்றார்கள் எல்லோரும். இந்த ஏரிக்கரையில் அதைவிடக் கடுமையாக யாரும் திட்டுவதில்லை.

ஒரு மணிக்கு மாமியார் லோவா வந்து கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. "போய்ட்டு வா," என்றாள்.

மெர்வின் பன்னிரண்டு பர்கரை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு, உறைந்த ஏரியில் வண்டியை ஓட்டினான். பனிக்கடியில் வலை போடும் ஆட்கள் அன்றைய மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்துநாலு அங்குலத்துல ஒரு பிக்கரல் வேணும்," என்றான்.

அவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒருவர் குவியலைக் கிளறி, இருப்பதிலேயே பெரியதை எடுத்துப் போட்டார்.

"இருபத்தெட்டு. இந்த வருஷத்துல இதான் பெருசு. இதுக்கு மேல வேணும்னா நீயே முட்டை போட்டு வளத்துக்க."

பன்னிரண்டு பர்கருக்கு ஒரு மீன். பேரம் பேச நேரமில்லை. திரும்பி வரும்போது வண்டியின் பக்கத்து இருக்கையில் மீன் விறைத்துக் கிடந்தது. மெர்வின் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பார்வைக்கும் அது சின்னதாகிக்கொண்டே போனது.

மூன்று மணி. ஆட்டம் முடிந்து நாற்பது பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். முண்டி, தலையில் பாறாங்கல்லைச் சுமப்பவர்போல, பச்சைத் துண்டில் சுற்றிய மீனைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாப்ள," என்றார் பால்டர். நெற்றியெல்லாம் வியர்வை. "கடைசியா கேக்குறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ அதைச் சமைச்சுடலையே?" அவருடைய இடது கண் துடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

கோபத்தில் நரம்பே இழுக்கிறது என்று நினைத்தான் மெர்வின்.

"இல்லவே இல்ல மாமா!"

ஸ்னோரி துண்டை விலக்கினார். பால்டர் மீனைப் பார்த்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வாய் திறந்தபடி நின்றார்.

ஸ்னோரி நாடாவை வைத்தார். மூக்கு நுனி முதல் வால் நுனி வரை, நிதானமாக.

"இருபத்தெட்டு," என்றார். நாடாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஏம்பா பால்டர், ஆறு அங்குலத்தை எலி தின்னுடுச்சா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒரு மேசையே சிரித்தது. பால்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெரிய உடம்பு குறுகிப்போனதை மெர்வின் அதுவரை பார்த்ததில்லை. மனை, ஜன்னலுக்கு வெளியே ஏரி, ரூனாவுக்குச் சொல்லிவைத்த சமையலறை எல்லாம் ஒரு கணம் அவன் கண்முன் வந்து போயின. போகட்டும்.

"நிறுத்துங்க!" என்றான். குரல் கிறீச்சிட்டது. "இது மாமா மீனே இல்ல. இது வலைக்காரங்ககிட்ட நான் வாங்கினது. அவர் மீனைக் காலையிலேயே நான் வெட்டி வறுத்துட்டேன். ஏழு சாண்ட்விச். பயத்துல பொய் சொன்னேன். ஸ்னோரி ஐயா, காலையில பிரமாதம்னு சொல்லி ரெண்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அதான் அது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஸ்னோரி, நாடாவை எடு! உன் வயித்தைத்தான் அளக்கணும்!"

கூரை அதிர்ந்தது. ஸ்னோரி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என் மீனை!" என்று பால்டர் கர்ஜித்தார். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. "என் மீனையா வறுத்த? முப்பத்தஞ்சு அங்குல மீனையா!" இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நாலு பேர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தபடி பின்னால் போனார்கள். ஸ்னோரியும் போனார். "நம்பாம போனது என் தப்புதான்," என்று சொல்லிக்கொண்டே போனார்.

மெர்வின் சமையற்கட்டுக்குத் திரும்பி ஒரு வெங்காயச் சாக்கின்மேல் உட்கார்ந்தான். லோவா வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சுத்தி வளைக்காம சொல்லுங்க. மனை போச்சுதானே?"

"போகல. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும்னு சொல்லப்போறாரு."

"எப்படி? அவர் மீனை நான்..."

லோவா வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

"ஸ்னோரி நாடாவோட வர்றான்னு தெரிஞ்சதும், நீ எடுத்துச் சமைச்சுடுவேன்னு நம்பி அதைக் கறிப் பொட்டலத்து மேல தூக்கி வச்சதே அவர்தான் தம்பி. நீ வாங்கிட்டு வந்த மீன் அதைவிட அஞ்சு அங்குலம் பெருசு."