மண்டையோட்டுக்கு வந்த மரியாதை

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஒரு கார்டைக் கொண்டுபோய்த் தபால்பெட்டிக்குள்ள போடவேணும். பெட்டி அடுத்த முடக்கில.

அதைக்கூட ஒழுங்காச் செய்யேலாத ஆள்தான் இண்டைக்கு உங்களுக்கெல்லாம் புத்திமதிப் பதிவு போட்டுக்கொண்டு இருக்கிறன்.

அப்ப நாங்கள் ஊரை விட்டு வெளிநாடு வந்து, கிளென்ஃபீல்ட் எண்ட இடத்தில இருந்தனாங்கள். எனக்குப் பதினாறு வயசு. ஒரு சஞ்சிகையில விளம்பரம்: எங்கட மியூசிக் கிளப்பில சேருங்கோ, முதல் ஏழு சீடி கிட்டத்தட்டச் சும்மா!

வீட்டுக்குத் தெரியாமச் சேர்ந்தன். என்ன பாட்டுப் பிடிக்கும் எண்டு கேட்டிருந்தினம். ஹெவி மெட்டல் எண்டு போட்டன். எனக்கு அது பிடிக்கும் எண்டில்லை. வகுப்பில ஸ்டைலான பெட்டையளுக்குப் பிடிக்கும்.

சின்ன எழுத்தில இருந்ததை ஆர் வாசிச்சது? மாசா மாசம் கிளப் தானே ஒரு சீடியைத் தெரிஞ்செடுத்து அனுப்பும். வேண்டாம் எண்டால், 'வேண்டாம்' எண்ட கட்டத்தில புள்ளடி போட்டுக் கார்டைத் திருப்பி அனுப்பவேணும். பேசாம இருந்தால் பார்சல் வாசலில!

அந்த மாசச் சீடியின்ர படம் கார்டோட ஒரு துண்டில வந்திருந்தது. நெருப்பெரியிற மண்டையோடு. பக்கத்தில பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு கறுப்பு நாய். துண்டை உடனே கிழிச்சு எறிஞ்சிட்டன்.

இது வீட்டுக்கு வந்தால் என்ர கதை கந்தல். ஏனெண்டால், பள்ளிக்கூடக் கேம்ப்புக்கு விடச்சொல்லி அப்பாட்டைக் கெஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது. "யோசிப்பம்" எண்ட அளவுக்கு ஆள் இறங்கி வந்திருந்தார்.

கார்டை மேசையில வைச்சிட்டுப் பேனை தேடப் போனன். திரும்பி வந்தால் கார்ட் அப்பான்ர கையில!

"பிள்ளை, எனக்கொரு கடிதம் வந்திருக்கு!"

என்ர பேர் கவிதா. எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு ஏது? கேட்ட இடத்தில அப்பான்ர பேரை எழுதினன். கே. சிவலிங்கம். அப்பா, கந்தையான்ர மகன் சிவலிங்கம். அவரும் கே. சிவலிங்கம்!

"'மதிப்புக்குரிய அங்கத்தவர்' எண்டு போட்டிருக்கிறாங்கள் பாரன்."

ஊரில கிளாக்கர்மாரை வைச்சு ஒரு கந்தோரையே நடத்தின மனிசன். இங்க விரி எண்ட இடத்தில ஒரு வெயார்ஹவுசில பெட்டி அடுக்கிறார். அங்க எல்லாரும் கூப்பிடுறது பேரில்லை, வெறும் "மேட்". அந்த முகத்தைப் பாத்திட்டு, அது எனக்கு வந்தது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. பாவமாக் கிடந்தது. பயமாயும் கிடந்தது.

"அப்பா, வேண்டாம் எண்டதில புள்ளடி போடுங்கோ. நான் கொண்டுபோய்ப் போடுறன்."

"என்ன கதை கதைக்கிறாய்? ஒருத்தர் மரியாதையா அனுப்பட்டோ எண்டு கேக்கேக்க, மூஞ்சையில அடிச்ச மாதிரி வேண்டாம் எண்டே சொல்லுறது?"

கட்டத்தை அப்பிடியே விட்டிட்டு, கீழ வடிவான இங்கிலீசில எழுதினார்: 'மிக்க நன்றி. உங்களுக்கேன் வீண் சிரமம்.' நல்ல சேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு தானே போய்த் தபாலில சேர்த்தும் போட்டார்.

எங்கட வீடுகளில தேத்தண்ணி வேணுமோ எண்டால், "உங்களுக்கேன் கரைச்சல்" எண்டுதான் சொல்லுவம். வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிக் கேக்கவேணும். பிறகுதான் குடிப்பம்.

"பயப்பிடாதை. அவையும் இன்னும் ரெண்டு தரம் கேக்காம அனுப்பாயினம்" எண்டா அம்மா.

கேக்கேல்லை. அனுப்பிப்போட்டினம்!

பார்சல் வந்த நேரம் எங்கட வீட்டு ஹோலில கோயில் கமிட்டிக் கூட்டம். அப்பா அத்தனை பேருக்கும் முன்னால பெருமையா உடைச்சார்.

"ஒரு இங்கிலீஸ் சங்கம் என்னை மதிச்சு அனுப்பியிருக்கு."

மண்டையோடு. நெருப்பு. நாய்.

நான் மனசுக்குள்ள கேம்ப் பையை அவிழ்க்கத் துடங்கினன்.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைப் போட்டு உத்துப் பாத்தார். "கபாலம்... பக்கத்தில நாய்... சிவலிங்கம், உது எங்கட வைரவர் எல்லே?"

"ஓமோம், வைரவரேதான்!" எண்டார் பக்கத்தில இருந்தவர். "வெள்ளைக்காரனுக்கும் விளங்கிட்டுது பாருங்கோ!"

"பிள்ளை, போடு கேப்பம்" எண்டார் தலைவர்.

போட்டன். வேற என்ன செய்ய? தொண்டையில மீன்முள்ளுச் சிக்கின மாதிரி ஒருத்தன் கத்தத் துடங்கினான். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால எட்டிப் பாத்தார்.

அப்பா மெல்லமாக் கேட்டார். "அண்ணை, நிப்பாட்டட்டோ?"

"சீச்சீ! நல்லாத்தானே இருக்கு!"

வந்த வீட்டில வேண்டாம் எண்டு சொல்லுறதே? முழுச் சீடியும் ஓடிச்சுது. பெரிய மனிசர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தினம். தலைவர் வடையைக் கையில வைச்சபடி கண்ணை மூடிட்டார். பக்தியோ மயக்கமோ, எனக்கு இண்டுவரைக்கும் தெரியாது.

கடைசிப் பாட்டு முடிஞ்ச உடனே எல்லாருக்கும் ஒரே நேரத்தில அவசர வேலை வந்திட்டுது.

அப்பா கவரைத் திறந்து உள்ளுக்க இருந்த படங்களைப் பாத்தார். சங்கிலியைக் கடிச்சுக்கொண்டு நாலு சடைமுடிக்காரர். பிறகு என்னைப் பாத்தார். பார்சலில இருந்த பேரையும் பாத்தார்.

"கேம்ப்புக்குப் போகவேணும் எண்டனி எல்லே?"

"ஓம், அப்பா."

"போட்டு வா. உந்தச் சீடியையும் கொண்டுபோய் அங்க ஆருக்காவது குடுத்திட்டு வா. வேண்டாம் எண்டாலும் விடாதை."

கேம்ப்பில பக்கத்துக் கட்டில் பெட்டைக்கு நீட்டினன்.

"நோ, தாங்ஸ்" எண்டிட்டு அப்பிளைக் கடிச்சாள்.

அட, இவ்வளவுதானே வேலை!